பிதுக்குப் பருப்பு

மார்கழிப் பனி. சிட்லபாக்கம் ஏரித் தண்ணீரில் அசைவில்லை.

அக்கா மகனுக்குப் பதினேழு வயது. அறைக் கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே மின்விசிறி ஓடுகிறது, இந்தக் குளிரிலும்.

*

சாப்பிட்டாயா என்றால் தலையாட்டுகிறான்.

என்னடா ஆச்சு என்றால், "ஒண்ணும் இல்ல சித்தி."

நேருக்கு நேர் நின்று கேட்டால் யாரால்தான் சொல்ல முடியும்.

*

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன். சாயங்காலம். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். டியூஷன் பையின் வாரில் ஒரு நூல் பிரிந்திருக்கிறது. அதைச் சுண்டுவிரலில் சுற்றுகிறான். அவிழ்க்கிறான். மறுபடி சுற்றுகிறான். விரல் நுனி வெளுக்கிறது.

பீச் வண்டி வருகிறது. கூட்டம். அடுத்ததில் போகலாம் என்கிறான்.

*

காசநோயாளிகளுக்காக 1928-இல் இங்கே சானடோரியம் வந்தது. மருந்து கைக்கு வராத காலம். காற்று, வெயில், ஓய்வு. அவ்வளவுதான் வைத்தியம். யாரையும் சீக்கிரம் மூச்சு விடச் சொல்ல முடியாது.

அவன் மூச்சு மேல்நெஞ்சிலேயே நின்று திரும்புகிறது.

*

பிளஸ் டூவில் மாநில முதலிடம், இரண்டாமிடம் அறிவிப்பதை அரசு 2017-இல் நிறுத்தியது. நல்ல காரியம்.

உறவுக்காரர்கள் இன்னும் நிறுத்தவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை. கூடத்தில் என் அம்மா கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். மடியருகே ராத்திரி ஊறவைத்த மொச்சை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு அழுத்து. பருப்பு கிண்ணத்தில் விழுகிறது. தோல் கையில் நிற்கிறது.

தண்ணீர் குடிக்க வந்தவன் உட்கார்ந்துவிடுகிறான். அவனும் ஒன்று எடுக்கிறான். அது வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. இன்னொன்று.

நான் அடுப்படியில். அடுப்பைத் தணிக்கிறேன்.

*

"காலைல எழுந்தா வயித்த இறுக்கிப் பிடிக்குது, ஆயா."

"எப்பலேர்ந்து?"

"தீபாவளிக்கு அப்புறம்."

தோல் குவிகிறது.

"கிளாஸ்ல யாரும் எங்கூடப் பேசறதில்ல." சற்று நேரம். "நானும் பேசறதில்ல."

ரயில் போகும் சத்தம். தேய்கிறது.

"பயமா இருக்கு."

அம்மா கிண்ணத்தை அவன் பக்கம் கொஞ்சம் நகர்த்துகிறாள். "ம்."

இருவர் கண்ணும் மொச்சையில்தான் இருக்கிறது.

*

படித்தால் சரியாகிவிடும் என்று அம்மா சொல்லவில்லை. உன் வயதில் நாங்களெல்லாம் என்று தொடங்கவும் இல்லை. எழுபது வயதில் வாயைக் கட்டுவது எளிதா. எனக்குக் கண் நிறைகிறது.

*

பயம் போய்விடவில்லை. சாயங்காலம் கதவு மறுபடி சாத்தியிருக்கிறது. தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை.

*

சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய 'சினேகா', அம்மா செய்த இந்த வேலையைத்தான் 1986 முதல் செய்துவருகிறது. சாக நினைப்பவர்களும் மனம் நொந்தவர்களும் பேசுகிறார்கள். தன்னார்வலர்கள் கேட்கிறார்கள். தீர்ப்புச் சொல்வதில்லை.

*

எல்லா வீட்டிலும் ஆயா இருப்பதில்லை.

14416. டெலி மனஸ். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு உதவி எண். கட்டணம் கிடையாது. நள்ளிரவிலும் எடுப்பார்கள். தமிழிலேயே பேசலாம்.