தேன் தொட்ட விரல்

கைக்குழந்தை இரண்டு தடவை இருமினால் போதும், சூரண டப்பாவும் தேன் பாட்டிலும் ஒன்றாகவே வெளியே வந்துவிடுகின்றன. பாட்டி, அந்த விரலைக் கொஞ்சம் நிறுத்துங்கள். பிள்ளைக்கு ஒரு வயது முடிந்துவிட்டதா?

பால சதுர்பத்ர சூரணத்தை நான் பழிக்கவில்லை. கோரைக்கிழங்கு, திப்பிலி, அதிவிடயம், கர்க்கடகசிங்கி நான்கையும் பொடித்துச் சேர்த்தது அது. காய்ச்சல், பேதி, இருமல், வாந்தி என்று குழந்தைகளைப் படுத்தும் நான்குக்கும் ஆயுர்வேதம் சொன்ன மருந்து. கர்க்கடகசிங்கியைக் காய் என்று பலரும் நினைக்கிறார்கள். மலைமரம் ஒன்றின் இலையில் பூச்சி உண்டாக்கும், கொம்பு போன்ற புடைப்பு அது. அதிவிடயம் இமயமலைக் கிழங்கு. கொடிய நஞ்சான வச்சநாபி அதற்குப் பங்காளி முறை! கிழங்கு அருகிப்போய் விலையும் ஏறிவிட்டது. விலை ஏறிய சரக்கில் கலப்படம் நுழையாமல் இருக்குமா? பொடித்தபின் கண்ணால் பார்த்து எதையும் பிரித்தறிய முடியாது. அதனால் பெயரில்லாப் பொட்டலம் வேண்டாம். உரிம எண்ணும் தொகுதி எண்ணும் காலாவதி நாளும் அச்சிட்ட டப்பாவாக இருந்தாலும், அளவைச் சொல்ல வேண்டியவர் பட்டம் பெற்ற வைத்தியர். பக்கத்து வீட்டுக்காரர் அல்ல.

பொடியைவிட என்னைப் பதறவைப்பது தேன்தான். கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் தேனில் இருக்கலாம். பெரியவர்கள் குடலில் அவை முளைப்பதில்லை. ஒரு வயதுக்குள் இருக்கும் பிள்ளையின் குடலில் முளைத்து நஞ்சு கக்கும். முதலில் மலச்சிக்கல், பிறகு அழுகை மெலியும், பால் உறிஞ்ச வலுவிருக்காது, கைகால் துவளும், மூச்சே நின்றுபோகலாம். மலைத்தேன், கொம்புத்தேன் என்றாலும் இதுதான் கதி. அடுப்பில் சுடவைத்தாலும் வித்துகள் சாகாது. “நாங்களெல்லாம் தேன் நக்கித்தானே வளர்ந்தோம்?” என்பீர்கள். பிழைத்து வளர்ந்தவர்கள்தானே இதைச் சொல்ல இருக்கிறார்கள்!

ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறெதையும் நீங்களாகப் புகட்டாதீர்கள்.

இன்னொன்று, தாமதம். “மூன்று வேளை கொடுத்துப் பார்ப்போம்” என்ற பேச்சில் பொழுது போய்விடுகிறது. பேதியானால் முதலில் வேண்டியது ஓ.ஆர்.எஸ். கரைசல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதோடு துத்தநாக மாத்திரையும் கொடுப்பார்கள். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கண் குழிந்தாலும், சிறுநீர் குறைந்தாலும், வலிப்பு வந்தாலும் கிளம்பிவிடுங்கள். மூன்று மாதத்துக்குள் இருக்கும் சிசுவுக்குக் காய்ச்சல் என்றால் வேறு அறிகுறிக்குக் காத்திருக்கவே வேண்டாம். இருமலா? சட்டையை விலக்கி, கடிகாரம் பார்த்து மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு, இரண்டு மாதம் நிறையாத பிள்ளைக்கு 60, ஒரு வயது வரை 50, அதற்குமேல் ஐந்து வயது வரை 40. இதைத் தொட்டாலே ஆஸ்பத்திரிதான். மூச்சிழுக்கையில் விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் எண்ணிக்கொண்டும் நிற்காதீர்கள்.

விடியட்டும் என்று இருக்காதீர்கள், அம்மா. 108 ஆம்புலன்ஸ் நடுராத்திரியிலும் வரும்.