தன் தாயும் பிறர் தாயும்

திருவண்ணாமலையில் சந்நியாசிகளுக்குப் பஞ்சமில்லை. கிரிவலப் பாதையில் மரத்துக்கு ஒருவராக உட்கார்ந்திருக்கிறார்கள். மெய்யாகவே துறந்தவர்களும் உண்டு. வயிற்றுக்காகக் காவி கட்டியவர்களும் உண்டு. இவர் அசல், அவர் போலி என்று தரம் பிரிப்பது என் வேலையல்ல. ஆனால் இந்த ஊரில் நாலு நாள் தங்குகிறவனுக்கு ஒரு கேள்வி வராமல் போகாது. துறவி எதைத் துறக்கிறார்? வீட்டை, சொத்தை, உறவை என்று உடனே சொல்லிவிடலாம். அடுத்தவர் உடம்பில் இருக்கும் வலியையும் சேர்த்துத் துறந்துவிடுகிறாரா?

சந்நியாசிக்கு உறவில்லை, தீட்டில்லை, கொள்ளி வைக்கும் கடமையும் இல்லை என்று பெரியவர்கள் விதி எழுதி வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த விதி காப்பாற்றப்பட்ட கதைகளை நாம் சொல்லிக்கொள்வதில்லை. விதி வளைந்த கதைகளைத்தான் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். ஆதிசங்கரர் காலடிக்குத் திரும்பி வந்து, ஊரார் எதிர்த்தும் தாய்க்கு ஈமக்கடன் செய்தார் என்கிறோம். கோவணம் தவிர வேறொன்றும் வேண்டாத பட்டினத்தார், தாய் இறந்த செய்தி கேட்டு ஓடி வந்து, பச்சை வாழைமட்டையை அடுக்கிச் சிதை மூட்டினார் என்கிறோம்.

இந்த மலையிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. ரமண மகரிஷி முறைப்படி சந்நியாசம் வாங்கியவரல்ல. என்றாலும் 1896ல் இங்கே வந்தபோதே உறவுகளை உதறிவிட்டுத்தான் வந்தார். அவருடைய தாயார் அழகம்மாள் பின்னால் மகனைத் தேடி வந்து, மலைமேலேயே தங்கிவிட்டார். 1922ஆம் வருஷம் மே மாதம் 19ந் தேதி அந்த அம்மாளின் உயிர் பிரிந்தது. அன்று மகன் ஒரு கையைத் தாயின் மார்பிலும் மற்றொரு கையைத் தலையிலும் வைத்தபடி, கடைசி மூச்சு வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு, தீட்டு ஒன்றுமில்லை என்று சொல்லி எல்லாரோடும் சாப்பிட்டார் என்பது ஆசிரம வரலாறு. அந்தத் தாயின் சமாதியைச் சுற்றித்தான் இன்றைய ரமணாசிரமமே எழுந்தது.

மூன்று பேரையும் கைகூப்பி வணங்குகிறேன். ஆனாலும் ஒரு விஷயம் உறுத்துகிறது. மூன்று இடத்திலும் விதி வளைந்தது தன் தாய்க்காக. பிறர் தாய்க்காக வளைந்ததுண்டா?

இந்தக் கேள்வியோடுதான் மேரி குளோரி என்ற ஆஸ்திரேலியப் பெண்மணியின் வரலாற்றைப் படித்தேன். 1887ல் விக்டோரியா மாநிலத்தில் பிறந்தவர். மெல்போர்ன் சர்வகலாசாலையில் 1910ல் டாக்டர் பட்டம் பெற்று, அந்த நகரத்தின் பெரிய தெருவொன்றில் நல்ல பேரோடு தொழில் செய்துகொண்டிருந்தார். 1915ல் ஒரு சின்னப் பிரசுரம் அவர் கைக்கு வந்தது. இந்தியாவில் பெண்கள் வைத்தியமில்லாமல் சாகிறார்கள், ஆண் டாக்டரை அவர்கள் அருகே விடுவதில்லை என்பது அதில் இருந்த சங்கதி. அந்த அம்மாள் அவசரப்படவில்லை. பிரசவம், ஸ்திரீ நோய், கண் வைத்தியம் இவற்றில் மேல்பட்டம் வாங்கிக்கொண்டு, 1920 பிப்ரவரியில், அப்போது சென்னை ராஜதானியைச் சேர்ந்திருந்த குண்டூருக்கு வந்து கன்னியர் மடத்தில் சேர்ந்தார். திரு இருதய மேரி என்ற பெயரோடு அங்கியும் அணிந்தார்.

இங்கேதான் சிக்கல். டாக்டராக இருக்கலாம், கன்னியாஸ்திரீயாகவும் இருக்கலாம், இரண்டுமாக இருக்க முடியாது. விரதம் எடுத்த பெண்கள் வைத்தியத் தொழில் நடத்துவதை, முக்கியமாகப் பிரசவம் பார்ப்பதை, அந்தத் திருச்சபையின் சட்டம் தடுத்திருந்தது. கற்பு விரதம் பூண்டவளுக்கு அந்த அறையில் என்ன வேலை என்பது சட்டத்தின் எண்ணம்.

ஆக்னெஸ் மக்லாரன் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் இந்தச் சட்டத்தோடு மன்றாடிப் பார்த்தவர். அறுபது வயதை ஒட்டிக் கத்தோலிக்கரானவர். எழுபதைக் கடந்தபின் ராவல்பிண்டிக்கு வந்து பெண்களுக்கு ஆஸ்பத்திரி ஏற்படுத்தினார். விலக்குக் கேட்டு ரோமாபுரிக்கு நடையாய் நடந்தார். பதில் கிடைக்காமலே 1913ல் கண்ணை மூடினார். மேரி படித்த பிரசுரம் இந்த அம்மாளைப் பற்றியதுதான். மேரி ஒருவருக்கு மட்டும் போப்பாண்டவர் பதினைந்தாம் பெனடிக்ட் தனி அனுமதி கொடுத்தார். தடை பொதுவாக நீங்கியது 1936ல்.

ரோமாபுரியை மட்டும் குறை சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது. இங்கிருந்து செஞ்சி வழியாகக் கிழக்கே போனால் திண்டிவனம். 1890களில் அந்த ஊரில் ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக, பாதிரியார் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவரும் இந்து. மூவர் மனைவிக்கும் பிரசவம் சிக்கலாகிவிட்டது. பாதிரியார் டாக்டர்தான்; ஆனால் ஆண். அவர் வர வேண்டாம், அவருடைய மகள் வரட்டும் என்றார்கள். மகளுக்கோ வைத்தியம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த மகள்தான் பிற்பாடு டாக்டராகத் திரும்பி வந்து வேலூர் ஆஸ்பத்திரியை நிறுவிய ஐடா ஸ்கடர். அவர் கன்னியாஸ்திரீயல்ல, கத்தோலிக்கரும் அல்ல. ஆனால் அந்த இரவில் மூன்று பேரைக் கொன்ற சுவர் ரோமாபுரியில் கட்டியதல்ல. நம் வீட்டுக் கூடத்தில் நாமே கட்டியது.

அப்படியானால் நம் வீடுகளில் பிரசவமே நடக்கவில்லையா? நடந்தது. நாவிதர் குலத்து மருத்துவச்சி வந்தாள். கொல்லைப்புறமாக வந்து, கொல்லைப்புறமாகவே போனாள். தொப்புள்கொடி அறுத்து, குழந்தையைக் குளிப்பாட்டி, தீட்டுத் துணியையும் வெளுக்கப் போட ஒழுங்கு செய்துவிட்டு, முறத்தில் வைத்த அரிசியும் பழைய புடவையும் வாங்கிக்கொண்டு போனாள். அவள் தொட்டுத்தான் நாம் பிறந்தோம். அதற்குப் பிறகு அவளை நாம் எட்டி நிற்கச் சொன்னோம்.

சற்று யோசித்தால் இரண்டும் ஒரே நினைப்புத்தான். பிறப்பு அசுத்தம், ஆகவே உயர்ந்தவர் அதைத் தொடக் கூடாது என்றது ரோமாபுரி. பிறப்பு அசுத்தம், ஆகவே அதைத் தொடுகிறவள் உயர்ந்தவளாக இருக்க முடியாது என்றோம் நாம். குண்டூரில் அந்த அம்மாள் செய்த காரியம் இந்த இரண்டையும் ஒரே அறைக்குள் கொண்டுவந்தது. விரதம் பூண்ட கை எதுவோ, அதுவே பிரசவம் பார்த்த கை. தெலுங்கு கற்றுக்கொண்டார், நாட்டு மருந்துகளையும் ஆராய்ந்தார், உள்ளூர்ப் பெண்களுக்கு மருத்துவமும் செவிலியர் வேலையும் சொல்லிக்கொடுத்தார். சின்ன மருந்துச்சாலையாக இருந்தது செயின்ட் ஜோசப் ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. 1943ல் இந்தியக் கத்தோலிக்க ஆஸ்பத்திரிகளின் சங்கத்தைத் தொடங்கியவரும் அவரே. 1957 மே 5ந் தேதி பெங்களூரில் காலமானார்.

இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது, "எல்லாம் மதத்தைப் பரப்பத்தானே, ஐயா?" என்றார். நியாயமான கேள்விதான். அந்த அம்மாள் தம் மதத்தை ஒளித்து வைத்தவரல்ல. அது வளர வேண்டும் என்ற ஆசையும் இருந்திருக்கும். ஆனால் இடுப்பு வலியில் துடிக்கிறவளுக்கு வந்த கை எதற்காக வந்தது என்பது இரண்டாவது கேள்வி. வராத கை ஏன் வரவில்லை என்பது முதல் கேள்வி. அந்த முதல் கேள்விக்கு நண்பரும் பதில் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

எனக்கு இதைவிடக் கடினமாக இருப்பது வேறொன்று. மக்லாரன் அம்மாள் சட்டத்தை மீறவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தார். மேரியும் அனுமதியோடுதான் பிரசவ அறைக்குள் நுழைந்தார். 1913க்கும் 1936க்கும் நடுவே இருபத்து மூன்று வருஷங்கள். காத்திருந்தவர்களின் பொறுமையை நாம் புகழலாம். ஆனால் அந்த வருஷங்களில் செத்துப்போன தாய்மார்கள் பொறுமையாக இருக்க ஒப்புக்கொண்டவர்களல்ல. அனுமதி கேட்பது பணிவு. அனுமதி வரும் வரைக்கும் யாருடைய உயிர் செலவாகிறது என்று கணக்குப் பார்ப்பது தர்மம். இரண்டும் சேர்ந்து நடக்க முடியாத இடத்தில் எது முன்னே போக வேண்டும்? பட்டினத்தார் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. தன் தாயாயிற்றே! பிறர் தாய் என்று வரும்போதுதான் நமக்குச் சட்டமும் சாஸ்திரமும் ஞாபகம் வருகின்றன.

விரதம் எதற்காக என்பதற்கு இதிலிருந்து எனக்கு ஒரு விடை கிடைக்கிறது. தன் தாய்க்கு மட்டும் மகளாக இருந்த ஒருத்தி, அந்த உறவின் எல்லையை விட்டு வெளியே வருவதற்காகத்தான் வீட்டைத் துறக்கிறாள். வெளியே வந்தபின் அவள் கையைக் கட்டிப்போட்டால், அவள் துறந்ததற்கே அர்த்தமில்லை.

வாசகர்கள் ஒரு காரியம் செய்யலாம். உங்கள் தகப்பனாரையோ பாட்டனாரையோ முதன்முதலில் கையில் ஏந்திய மருத்துவச்சியின் பெயர் என்ன என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஜாதகம் கணித்த ஜோசியர் பெயர் ஞாபகம் இருக்கும். பெயர் சூட்டிய புரோகிதர் பெயரும் இருக்கும். அவள் பெயரையும் யாராவது சொன்னால், அந்த வீட்டில் தர்மம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது என்று நான் நம்புவேன்.