நல்ல தராசுக்கும் முத்திரை

தஞ்சோங் டாவாய்த் துறையில் நெத்திலி இறங்குகிற நாளில் கடைக்காரர் யாருக்கும் பேச நேரமிராது. படகு வராத நாளில்தான் நியாய அநியாயங்களை அலசுவோம். சென்ற மாதம் அப்படியொரு நாளில் நம் மச்சான் ஒரு காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, முகம் சிவக்க நம் கடைக்குள் நுழைந்தார். அவருடைய மகளுக்கு வேறொரு மாநிலத்தில் தாதியர் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. சந்தோஷமான விஷயம்தான். ஆனால் காகிதத்தில் மார்புக்கு எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, ஹெப்படைட்டிஸ் பி என்னும் ஈரல் நோய்க்கு ஊசி போட்ட அத்தாட்சி என்று வரிசையாகக் கேட்டிருந்தார்கள்.

"மச்சான், என் பிள்ளை நோயாளியைப் பார்க்கப் போகுதா, இல்லை நோயாளியாவே போகுதா? ஒழுக்கமா வளர்த்த பிள்ளைமேலே இவ்வளவு சந்தேகமா?" என்று கேட்டார்.

அவர் கேட்டது ஊசியைப் பற்றிய கேள்வியன்று, மானத்தைப் பற்றியது. ஆகவே அதை அற்பமாகத் தள்ளிவிட நமக்கு மனமில்லை. குற்றமே செய்யாத ஒருவரை, "நீ சுத்தம் என்று முதலில் நிரூபி, பிறகு உள்ளே வா" என்று சொல்வது தர்மமா?

நாம் கல்லாவுக்குப் பக்கத்திலிருந்த தராசைக் காட்டினோம். 1972-ஆம் ஆண்டின் எடை அளவுச் சட்டப்படி, வியாபாரத்துக்கு உபயோகிக்கும் தராசை வருஷந்தோறும் சோதித்து முத்திரை வாங்க வேண்டும். மோசக்காரன் தராசுக்கு மட்டும் முத்திரை என்று சட்டம் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் முத்திரை வாங்கப் போகிறவனையெல்லாம் ஊர் மோசக்காரன் என்றுதான் பார்க்கும். எல்லோருக்கும் என்று வைத்ததனால்தான் யாருக்கும் அவமானமில்லாமல் போயிற்று. போதாததற்கு, மச்சான் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். 2009-ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிகளின்படி அவரும் அவர் கடைப் பையன்களும் டைபாய்டு ஊசி போட்டுக் கொண்டவர்கள்தாம். அன்று அவர் மானத்தைப் பற்றிப் பேசியதாக நமக்கு ஞாபகமில்லை. ஊசிக்குக் கொடுத்த பணத்தைப் பற்றித்தான் பேசினார்.

ஹஜ்ஜுக்குப் போனவர்களுக்கும் இது தெரியும். 1987-இல் ஹாஜிகளிடையே மூளைக் காய்ச்சல் பரவியது. 2000, 2001 ஆண்டுகளில் அதன் வேறொரு வகை பரவி, ஊர் திரும்பியவர்கள் மூலம் வீட்டிலிருந்தவர்களையும் பற்றியது. 2002 முதல் நான்கு வகைக்கும் சேர்ந்த ஊசியை சவூதி அரசாங்கம் கட்டாயமாக்கியது. இறைவனின் வீட்டுக்குப் போகிறவரையே ஊசி கேட்கிறார்கள்; யாரும் அதைத் தம் ஈமானின்மேல் சந்தேகம் என்று எடுத்துக்கொள்வதில்லை.

"எல்லாம் விதிப்படிதானே மச்சான்" என்று அவர் இழுத்தார். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்து எல்லையில் ஸர்கு வரை போய், கொள்ளை நோய்ச் செய்தி கேட்டு, தோழர்களிடம் ஆலோசனை செய்து திரும்பிவிட்டதை இருவரும் ஒரே மதரஸாவில்தான் படித்தோம். அதை நினைவூட்டியதும் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

ஆனால் தராசு உவமை பாதி தூரந்தான் வரும். தராசு கெட்டால் வாடிக்கைக்காரருக்கு மட்டுமே நஷ்டம். இங்கே ஆபத்து இரண்டு பக்கமும் ஓடுகிறது. ஆஸ்பத்திரியில் புதிதாக வேலை பழகும் பிள்ளையின் கை நடுங்கும். நோயாளிக்குப் போட்ட ஊசி தன் விரலிலேயே குத்திவிடும். தடுப்பூசி போடாத 100 பேருக்கு, கிருமி மிகுந்த ரத்தம் பட்ட ஊசி அப்படிக் குத்தினால் 30 பேர் வரைக்கும் ஹெப்படைட்டிஸ் பி பற்றலாம் என்று வைத்தியர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். உலகம் நடுங்குகிற எய்ட்ஸ் கிருமிக்கு அந்தக் கணக்கு 1000-க்கு 3 பேர்தான். ஆகவே ஊசி முதலில் காப்பது மச்சானின் மகளையே.

மறுபக்கத்துக்கு வியன்னா நகரத்துக் கதையைச் சொல்ல வேண்டும். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. ஒன்றில் வைத்திய மாணவர்கள் பழகினார்கள். மற்றதில் மருத்துவச்சிகள் பழகினார்கள். 1846-இல் மாணவர் வார்டில் 100 தாய்மாருக்கு 11 பேர் மாண்டார்கள். மருத்துவச்சிகள் வார்டில் 3 பேர்கூட இல்லை. செம்மல்வைஸ் என்ற ஹங்கேரி வைத்தியர் காரணம் தேடித் தவித்தார். 1847-இல் அவருடைய சிநேகிதரான கொலெட்ஷ்கா பிணப் பரிசோதனை செய்தபோது ஒரு மாணவனின் கத்தி அவர்மேல் பட்டு, அந்தத் தாய்மார் மாண்டது போலவே அவரும் மாண்டார். அப்போதுதான் விளங்கிற்று: பிணத்தை அறுத்த கையோடு மாணவர்கள் பிரசவம் பார்க்கப் போயிருக்கிறார்கள். குளோரின் சுண்ணாம்புத் தண்ணீரில் கை கழுவாமல் வார்டுக்குள் வரக்கூடாது என்று அவர் உத்தரவு போட்டார். 1848-இல் சாவு 100-க்கு ஒன்றைச் சற்றே தாண்டியது, அவ்வளவுதான்.

அதன் பிறகும் பெரிய வைத்தியர்கள் பலர் அவரை ஏற்கவில்லை. கனவான்களின் கை அசுத்தம் என்று சொல்வதா என்ற ரோஷமும் அதற்கு ஒரு காரணம் என்பார்கள். மச்சானின் ரோஷமும் அதே ஜாதிதான். ஆனால் வியன்னாவில் அந்த ரோஷத்துக்கு விலை கொடுத்தவர்கள் பிரசவத்துக்கு வந்த ஏழைப் பெண்கள்.

இனி கடினமான இடத்துக்கு வருகிறோம். சோதனையில் தேறாத தராசை ஒதுக்கிவிடலாம். தேறாத பிள்ளையை என்ன செய்வது? ஹெப்படைட்டிஸ் பி பெரும்பாலும் ஒழுக்கக் கேட்டினால் வருவதன்று. ஆசிய நாடுகளில் பிரசவத்தின்போது தாயிடமிருந்தே பிள்ளைக்குத் தொற்றி, வெளியே தெரியாமல் வருஷக் கணக்கில் தங்கிவிடுகிறது. நம் மலேசியாவில் 1989 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு ஊசி போடுகிறார்கள்; அதற்கு முன் பிறந்தவர்களுக்கும் வேறு தேசத்தில் பிறந்தவர்களுக்கும் அந்தப் பாக்கியம் கிட்டாமல் போயிருக்கலாம். தாயின் ரத்தத்தில் வந்ததற்காகப் பிள்ளையின் படிப்பைப் பறிப்பது நியாயமா?

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து வைத்தியப் பல்கலைக்கழகம் ஒன்று, 2011-இல் ஆசிய வம்சத்தைச் சேர்ந்த இருவருக்கு இடம் கொடுத்துவிட்டு, இந்தக் கிருமி இருப்பதாகத் தெரிந்ததும் இடத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அவர்கள் முறையிட, 2013-இல் அந்த நாட்டு நீதி இலாகா தலையிட்டு, இடத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி ஒப்பந்தம் செய்துவைத்தது. அதற்கு முந்தின வருஷமே அந்த நாட்டுச் சுகாதார நிபுணர்கள், இந்தக் கிருமி இருப்பதை மட்டும் வைத்து யாரையும் வைத்தியப் படிப்பிலிருந்து விலக்கக்கூடாது என்று எழுதியிருந்தார்கள். நோயாளியின் உடலுக்குள் கைவிட்டுக் கூரிய ஆயுதத்தோடு செய்கிற சில வேலைகளுக்கு மட்டும், ரத்தத்தில் கிருமி ஓர் அளவுக்குக் கீழே இருக்க வேண்டும். மருந்து சாப்பிட்டு அந்த அளவுக்குக் கொண்டுவரவும் முடியும். பரிசோதனை ஒரு பிள்ளையை எந்த வேலைக்கு அனுப்பலாம் என்று காட்டினால் அது நீதி. வெளியே தள்ளுவதற்கு ஒரு சாக்கானால் அது அநீதி. நாம் படித்தவர் அல்லர், ஆனால் இந்த வித்தியாசம் நமக்கு விளங்குகிறது.

கைச்சட்டை விஷயமும் உண்டு. கிருமி துணியில் ஒட்டும் என்பதால் பிரிட்டனில் முழங்கைக்குக் கீழே துணி கூடாது என்று விதி வைத்தார்கள். முஸ்லிம் மாணவிகள் சங்கடப்பட்டார்கள். 2010-இல் அங்கே சுகாதார இலாகா, ஒருமுறை உபயோகித்து எறிந்துவிடும் மேலுறையைக் கையில் மாட்டிக்கொள்ளலாம் என்று வழி சொன்னது. கேட்டவர்கள் கோபமாகக் கேட்காமல் காரணத்தோடு கேட்டதனால் பிறந்த வழி அது என்று நாம் எண்ணுகிறோம்.

இத்தனையும் சொன்ன பிறகு மச்சானின் பக்கத்திலும் ஒரு நியாயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். காகிதம் வந்தது படிப்புத் தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது. ஹெப்படைட்டிஸ் பி ஊசி மூன்றையும் புதிதாகப் போட ஆறு மாதம் ஆகும். செலவும் பெற்றவர் தலையில். விதி வைக்கிறவர்கள், இடம் கொடுக்கிற கடிதத்திலேயே அதைச் சொல்லியிருந்தால் யாருக்கு என்ன குறை வந்திருக்கும்? சரக்கை இறக்கிவிட்டு விலையைச் சொல்கிற வியாபாரியை நாம் நல்லவன் என்று சொல்வோமா?

பிள்ளைக்குக் குழந்தையில் மூன்று ஊசியும் போட்டிருந்தது. ஆனால் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி வேண்டிய அளவுக்கு இல்லை என்று வந்தது. மச்சான் அன்றிரவு தூங்கவில்லையாம். வருஷம் ஆக ஆக அந்த அளவு இறங்குவது சகஜம், உடம்பு மறந்துவிடுவதில்லை, இன்னொரு ஊசி போட்டு ஒரு மாதம் கழித்துப் பார்ப்போம் என்று டாக்டர் சொன்னார். அதுவரை வார்டுக்குப் போகாமல் வகுப்பில் மட்டும் உட்காரட்டும் என்று கல்லூரியும் இணங்கியது. பிள்ளைதான் நம்மிடம் போனில், "மாமா, அத்தாகிட்ட சொல்லுங்க, எங்க வகுப்புல என்னைப்போல இன்னும் சிலர் இருக்காங்க" என்றது.

இரண்டாவது பரிசோதனை அடுத்த வியாழக்கிழமை. கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டுத் தானே கூடப் போவதாக மச்சான் சொல்லியிருக்கிறார்.