என்ன வேலை, யார் வேலை?

பண்பொழியில் எந்தத் தெருவில் நின்றாலும் திருமலைக் கோயில் மலை தெரியும். எங்க சேரியிலிருந்தும் தெரியும். போன மாசம் அந்த மலையைப் பார்த்தபடி திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, பத்தாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகள் ஒரு தாளைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. டாக்டர், நர்ஸ், வக்கீல், எலக்ட்ரீசியன், வேளாண் அலுவலர் என்று வரிசையாக வேலைகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'இவர் என்ன செய்வார்?' என்று காலி இடம். கடைசியில், 'நீ என்ன ஆக விரும்புகிறாய்?'

"மாமா, எனக்குப் பாதிக்கு மேல தெரியல. நீங்க சொல்லுங்க, எழுதுதேன்."

சொன்னேன். சொல்லச் சொல்ல ஒன்று உறுத்தியது. என் தாத்தாவிடம் யாரும் இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டதில்லை. அவர் பிறந்தபோதே பதிலை எழுதி வைத்துவிட்டார்கள்.

தாத்தா என்ன செய்தார்? பறை அடித்தார். அடிக்கும் முன்னால் தோலைத் தீயில் வாட்டி விறைப்பாக்க வேண்டும். சூடு கூடினால் வெடித்துவிடும். சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி. குழி வெட்டினார். மண்ணின் ஈரத்தைப் பார்த்தே கரை நிற்குமா சரியுமா என்று சொல்லிவிடுவார். இழவு சொல்ல ஊர் ஊராக நடந்தார். செத்த மாட்டை இழுத்துப் போனார். ராத்திரியில் மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சினார். இதற்கெல்லாம் கூலி, அறுப்பு முடிந்து களத்தில் அளந்து போடும் கொஞ்சம் நெல். அதையும் கையில் தர மாட்டார்கள், துண்டை விரிக்கணும். ஐந்து தொழில் தெரிந்தவரை ஊர் ஒரே பெயரில்தான் கூப்பிட்டது. அது எந்தத் தொழிலின் பெயரும் அல்ல.

எந்த வேலையிலும் உயர்வு தாழ்வு இல்லை என்கிறார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் வேலையை மட்டும் பார்த்துப் பேசினால் உண்மை பிடிபடாது. சாதி வேலைகளை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையும் மேலும் கீழுமாகப் பிரித்து வைத்திருக்கிறது என்று அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் காட்டினார். எனவே ஒரு வேலையைப் பற்றி நாம் கேட்க வேண்டியவை இரண்டு. இதைச் செய்கிறவன் நினைத்தால் விட்டுவிட முடியுமா? வேறொருவன் நினைத்தால் இதற்குள் வர முடியுமா?

மலை மேலே இருக்கும் வேலையைப் பாருங்கள். வாரிசு அர்ச்சகர் முறையை ஒழிக்கத் தமிழக அரசு 1970இல் சட்டம் கொண்டுவந்தது. பயிற்சி முடித்த பல சாதியினர் 24 பேருக்கு அர்ச்சகர் பணி ஆணை கிடைத்தது 2021 ஆகஸ்ட் 14இல். இடையில் 51 வருசம். கீழே இருக்கும் வேலை சாக்கடைக் குழி. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். அதற்குப் பிறகும் ஆட்கள் குழிக்குள் செத்தார்கள். அப்படிச் சாகிறவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தரச் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக்கியது. மேலே உள்ளதற்குள் நுழைய முடியவில்லை, கீழே உள்ளதிலிருந்து வெளியேற முடியவில்லை. இரண்டும் ஒரே பூட்டுதான்.

பள்ளிக்கூடம் அந்தப் பூட்டைத் திறக்கும் என்று நம்பினோம். 1953இல் ராஜாஜி, கிராமத்துப் பிள்ளைகள் பாதி நேரம் படிக்கட்டும், மீதி நேரம் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்று திட்டம் போட்டார். குலக்கல்வி என்று எதிர்த்தார்கள். 1954இல் காமராசர் கைவிட்டார். 2023இல் ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டம் 18 கைத்தொழில்களுக்கு வந்தபோது, குடும்பத் தொழிலாக இருக்கணும் என்ற நிபந்தனையை நீக்கச் சொல்லித் தமிழக அரசு கேட்டது. 70 வருசம் கழித்தும் அதே வாதம்தான்.

படித்து வெளியே வந்தவன் கதை என்ன? நான் குமாஸ்தா. ஒருநாள் எங்க அலுவலக வளாகத்தில் ஒரு மாடு செத்துக் கிடந்தது. மேலதிகாரி நேராக என் மேசைக்கு வந்தார். "ஒங்க ஆளுக யாரையாவது வரச் சொல்லுங்களேன்."

"எங்க ஆளுகன்னா யாரு சார்?" என்றேன். பதில் இல்லை. கடைசியில் துப்புரவுத் தொழிலாளிகள் வந்து எடுத்துப் போனார்கள். அவர்களும் எங்க சேரிக்காரர்கள்தான். அவர்கள் முகத்தை அன்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

யாராவது செய்துதானே ஆகணும் என்பார்கள். ஆகணும். இயந்திரம் கொடுத்து, கையுறை கொடுத்து, நல்ல சம்பளம் கொடுத்து, எல்லாச் சாதியிலிருந்தும் ஆள் எடுத்துச் செய்யட்டும். 'யாராவது' என்ற சொல்லுக்கு ஏன் எப்போதும் எங்க தெருவே அர்த்தமாகுது?

இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து அம்மா கேட்டாள்: "அப்போ ஒங்க தாத்தா பாடுபட்டதெல்லாம் கேவலமாடா?"

சட்டென்று பதில் வரவில்லை. மாட்டைப் பார்த்து ஒதுங்கிய நானும் அந்த அதிகாரி மாதிரிதான் தாத்தாவைப் பார்த்தேனோ? இன்று கல்லூரிப் பிள்ளைகள் ஆசைப்பட்டுப் பறை கற்கிறார்கள். மேடையை விட்டு இறங்கியதும் பறையைக் கீழே வைத்துவிட்டுப் போக அவர்களால் முடியும். தாத்தாவால் முடிந்ததில்லை. அவர் கையில் இருந்த அறிவு கேவலமில்லை. அந்தக் கையை விடாமல் கட்டிப்போட்டதுதான் கேவலம். அதையே அம்மாவிடம் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

பிள்ளைதான் பேனாவை எடுத்தாள். "தாத்தா செஞ்ச வேலை இதுல இல்லையே மாமா. கீழ எழுதட்டுமா?" பறை அடிப்பவர், குழி வெட்டுபவர், மடை திறப்பவர் என்று எழுதினாள். என்ன செய்வார் என்று கேட்டாள். தோல் வாட்டுவதிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். கடைசிக் கேள்வியைக் காலியாக விட்டாள்.

"ஏட்டி, இதை எழுதலையா?"

"யோசிச்சுக்கிட்டு இருக்கேன் மாமா."

யோசிக்கட்டும். தாத்தாவுக்கு அந்த நேரத்தைத்தான் யாரும் கொடுக்கவில்லை.