அடுப்பு எப்போது சுத்தமாகிறது?

பஸ்கா பண்டிகைக்கு முந்தைய வாரம் ஆசாரமான யூதக் குடும்பத்தின் சமையலறைக்குப் போனால், யாராவது ஒருவர் ஓவனுக்குள் தலையை விட்டுக்கொண்டு சுரண்டிக்கொண்டிருப்பார். பண்டிகை இஸ்ரேலில் ஏழு நாள், வெளிநாடுகளில் எட்டு நாள். அது முடியும்வரை புளித்த மாவின் துணுக்குகூட வீட்டில் இருக்கக் கூடாது. கோதுமை, வாற்கோதுமை முதலான ஐந்து தானியங்களில் எதன் மாவும் தண்ணீர் பட்டு 18 நிமிடம் சும்மா கிடந்தாலே புளித்ததாகக் கணக்கு. அப்படியானால் வருடம் முழுக்க ரொட்டி வெந்த ஓவனை என்ன செய்வது?

தேய்த்துக் கழுவினால் போதாது என்கிறது யூதச் சட்டம். கண்ணுக்குத் தெரியும் அழுக்கு போனாலும், சூட்டில் உலோகம் உறிஞ்சிய சுவை உள்ளேயே இருக்கிறது. அது எந்த வழியாக உள்ளே போனதோ அந்த வழியாகத்தான் வெளியே வரும். கொதிநீரில் பழகிய கரண்டிக்குக் கொதிநீர், நேரடி நெருப்பில் பழகிய இரும்புக் கம்பிக்கு நெருப்பு. இதற்கு ஆதாரம் எண்ணாகமம் 31ஆம் அதிகாரம்: மீதியானியரோடு நடந்த போரில் கிடைத்த உலோகப் பாத்திரங்களை நெருப்பில் இட்டு எடுக்கும்படி வந்த கட்டளை.

மண்ணுக்கு இந்தச் சலுகை இல்லை. களிமண் உறிஞ்சியதை முழுதாக விடவே விடாது என்பது ரபிக்கள் எனப்படும் யூத மத அறிஞர்களின் முடிவு. இதைக் கேட்டால் நம் பாட்டிகள் வியக்க மாட்டார்கள். தீட்டுப்பட்ட மண்பானையை உடைத்துவிட்டு, செம்பைப் புளி போட்டுத் தேய்த்து எடுத்துக்கொண்டவர்கள்தானே. லேவியராகமமும் செத்த பிராணி விழுந்த மண் அடுப்பை உடைத்துவிடத்தான் சொல்கிறது.

உடைத்த அடுப்பை மறுபடி ஒட்டினால்? யூத மரபின் மிகப் பிரபலமான சண்டை இதில்தான் தொடங்கியது. எருசலேம் ஆலயம் கி.பி. 70இல் இடிந்த பிறகான தலைமுறை அது. களிமண் அடுப்பு ஒன்றை வளையம் வளையமாக அறுத்து, இடையில் மணல் வைத்து அடுக்கியிருந்தார்கள். உடைந்த அடுப்புதானே, உடைந்ததற்குத் தீட்டு ஒட்டாது என்றார் ரபி எலியேசர். வெளிப்பூச்சு எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கிறது, அதனால் இது முழு அடுப்புதான், தீட்டு ஒட்டும் என்றார்கள் மற்ற அறிஞர்கள். ‘அக்னாயின் அடுப்பு’ என்று பெயர் பெற்ற இந்த வழக்கை யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா ஒரு வரியில் முடித்துவிடுகிறது. அதை விரித்துரைக்கும் தல்மூத் விடவில்லை. எலியேசர் சொன்னபடி ஒரு மரம் வேரோடு பெயர்ந்து நூறு முழம் தள்ளிப் போய் நின்றதாம், வாய்க்கால் எதிர்த்திசையில் ஓடியதாம், பாடசாலைச் சுவர்கள் சாய்ந்தனவாம். கடைசியில் வானத்திலிருந்தே ஒரு குரல் எலியேசர் பக்கம் பேசியது. உடனே ரபி யோசுவா எழுந்து, வேதம் இப்போது வானத்தில் இல்லை என்று உபாகமத்தைக் காட்டி மறுத்தார். பெரும்பான்மை வென்றது. கடவுள் சிரித்தார் என்கிறது கதை. அதே கதைதான், எலியேசர் சுத்தம் என்று தீர்ப்பளித்திருந்த பொருள்களையெல்லாம் கொண்டுவந்து எரித்ததையும், அவரையே விலக்கி வைத்ததையும் சொல்கிறது. ஜெயித்தவர்களின் கொடூரத்தை மறைக்காமல் எழுதியிருப்பதுதான் இந்தக் கதையின் நேர்மை என்று தோன்றுகிறது.

ஆக, அடுப்பு சுத்தமா இல்லையா என்பதை அற்புதம் தீர்மானிக்காது. பொருளைக் கையில் எடுத்துப் பார்த்து வாதாடும் மனிதர்கள் தீர்மானிப்பார்கள். இன்றைக்கும் அதே கதைதான், களிமண்ணுக்குப் பதில் எனாமல்.

1963இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் தானே சுத்தமாகும் ஓவனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பொத்தானை அமுக்கினால் கதவு பூட்டிக்கொள்ளும்; உள்ளே சூடு கிட்டத்தட்ட 480 டிகிரி செல்சியஸுக்கு ஏறும். ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் சாம்பலாகிவிடும், ஆறிய பிறகு ஈரத்துணியால் துடைத்தால் தீர்ந்தது. இல்லத்தரசிகளின் முதுகுவலிக்காகச் செய்த கருவி, நெருப்பு வழியாகப் போனது நெருப்பு வழியாகவே வரவேண்டும் என்ற விதிக்கும் அப்படியே பொருந்திவிட்டது. சாதாரண ஓவன்காரர்களுக்கு வேலை கூடுதல்: நன்றாகத் தேய்த்து, 24 மணி நேரம் பயன்படுத்தாமல் விட்டு, பிறகு உச்சச் சூட்டில் ஒரு மணி நேரம் எரியவிடுவது பரவலான வழக்கம். உள்சுவரில் வினையூக்கிப் பூச்சு உள்ள ஓவன்களும் ‘தானே சுத்தமாகும்’ என்ற பெயரில்தான் விற்கின்றன. அவை வழக்கமான சமையல் சூட்டில்தான் வேலை செய்யும் என்பதால், வழிகாட்டும் ரபிக்கள் அவற்றை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. வேதத்தோடு கருவியின் கையேட்டையும் படித்தாக வேண்டிய காலம்.

இதில் மிகவும் ருசிகரமானது நாய் விதி. பண்டிகைக்கு முன்பே ஒரு நாய்கூடத் தின்னாத அளவுக்குக் கெட்டுப்போன ரொட்டித் துணுக்கு, ரொட்டி என்ற தகுதியை இழந்துவிடுகிறது. கை எட்டாத இடுக்குகளில் காரமான துப்புரவுத் திரவத்தை ஊற்றிவிடச் சொல்வது இதனால்தான். துணுக்கு அங்கேயே இருக்கிறது, ஆனால் அது இனி உணவில்லை. ஒரு பொருள் எந்தக் கணத்தில் அதுவாக இருப்பதை நிறுத்துகிறது என்ற பழைய தத்துவக் கேள்விக்கு இவ்வளவு வீட்டு உபயோகமான பதில் வேறெங்கும் கிடைக்குமா தெரியவில்லை.

கதவைச் சுற்றியுள்ள அடைப்புப் பட்டைக்கு வெளியே இருக்கும் விளிம்பில் மட்டும் அந்த 480 டிகிரி சூடு எட்டாது. அங்கே ஒட்டியிருப்பதை முன்னதாகவே துணியால் துடைத்துவிடச் சொல்கிறார்கள், பட்டையை அழுத்தித் தேய்க்காமல். அது நைந்தால் சூடு கசியும், அடுத்த வருடம் ஓவன் அந்தச் சூட்டுக்கே ஏறாது.