பெயரை மறைப்பது பொய்யாகுமா?

சீட்டாட்ட மேசையைச் சுற்றி அமர்ந்தோர் ஒருவர் முகத்தை ஒருவர் கூர்ந்து நோக்கி ஆடிய காலம் உண்டு. போக்கர் என்னும் மேலைநாட்டுச் சீட்டாட்டமோ 1998ஆம் ஆண்டு முதல் இணையத்திலும் பணம் வைத்து ஆடப்படலாயிற்று. அங்கே முகமில்லை, குரலில்லை, நடுங்கும் விரலுமில்லை. எதிரில் இருப்பவரைப் பற்றி அறியக் கிடைப்பதெல்லாம் அவர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட ஒரு பட்டப்பெயர்தான். சூது விலக்கப்பட்டது என்பதில் நமக்கு இரு கருத்தில்லை. அதனை இங்கே வாதிடப் புகவுமில்லை. நம் சிந்தையை ஈர்ப்பது வேறொரு வினா. பெற்றோர் இட்ட பெயரை மறைத்து, புனைந்த பெயரில் பிறரோடு கொடுக்கல் வாங்கல் செய்பவன் பொய்யனா?

ஆம் என்று உடனே சொல்லிவிடத் தோன்றும். அவ்வாறாயின், நம் ஏடுகளில் புனைபெயரில் எழுதிய அத்தனை பேரையும் என்னென்று சொல்வது? அபூஹுரைரா (ரலி) அவர்களை உலகம் 'பூனைக்குட்டியின் தந்தை' என்ற அப்பெயராலேயே அறிந்திருக்கிறது. அவர்களது இயற்பெயர் எது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடும் உண்டு. அதனால் அவர்கள் அறிவித்தவற்றின் மதிப்பு குறைந்துவிடவில்லை. ஆனால் அதே ஹதீஸ் கலை, தன் ஆசிரியரை எவரும் இனங்கண்டுகொள்ளாதபடி அவருக்கு வழங்காத வேறொரு பெயரால் குறிப்பிடும் அறிவிப்பாளரைக் கண்டிக்கிறது. 'தத்லீஸ்' என்னும் குறைகளுள் ஒன்றாக அதனை வைத்திருக்கிறது. இரண்டிலும் இயற்பெயர் சொல்லப்படவில்லை. முன்னதில் மனிதரைப் பெயரால் அறிகிறோம். பின்னதில் அறியவொட்டாமல் தடுக்கப்படுகிறோம்.

இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டு இணைய மேசைக்குத் திரும்புவோம். 2009ஆம் ஆண்டின் இறுதியில், ஃபுல் டில்ட் போக்கர் என்னும் தளத்தில் 'இசில்டுர்1' என்ற பெயரில் ஒருவர் தோன்றி, பெரும்புள்ளிகளோடு அஞ்சாமல் மோதினார். அந்த நவம்பரில் ஒரே ஆட்டத்தில், இருவர் வைத்ததும் சேர்த்து 13 லட்சம் டாலருக்கு மேற்பட்ட பந்தயத் தொகையை எதிராளியிடம் பறிகொடுத்தார். யார் இவர் என்று அவ்வுலகமே வியந்தது. யாரும் அறியாத போதிலும் அவர் மறைந்திருந்ததாகச் சொல்ல முடியாது. ஆடிய ஆட்டமெல்லாம் அப்பெயரின் கணக்கில் கணினிகளில் பதிந்துகொண்டே இருந்தது. அமெரிக்க ஆட்டக்காரர் ஒருவர் தம் நண்பர் இருவரோடு சேர்ந்து அப்பதிவுகளை ஆராய்ந்து, டிசம்பரில் அவரிடமிருந்து ஏறத்தாழ 42 லட்சம் டாலரை வென்றார். தாம் ஆடாத ஆட்டங்களின் பதிவுகளைத் திரட்டியது விதிமீறல் என்று அந்நண்பருள் ஒருவரை, தளத்தின் ஆதரவு பெற்றவர் என்ற தகுதியிலிருந்து ஒரு மாதம் விலக்கி வைத்தார்கள். முகமறியாத ஒரு மனிதரை, புனைந்த பெயரின் வழியே அவ்வளவு நெருக்கமாக அறிந்துவிட்டார்கள்!

இனி மறுபக்கம். 2006இல் இளைஞர் ஒருவர் ஒரே போட்டியில் பல பெயர்களில் நுழைந்து ஆடியது வெளிப்பட்டு, அவர் கணக்குகள் முடக்கப்பட்டன. 2007இல் ஒரு பெரும் போட்டியில் முதலிடம் பெற்ற பெயருக்குரிய 10 லட்சம் டாலருக்கு மேற்பட்ட பரிசு மறுக்கப்பட்டது. கணக்கு ஒருவருடையது, ஆடியவர் வேறொருவர் என்பது காரணம். இவர்களும் புனைபெயரில்தான் ஆடினார்கள். எல்லாரும் அப்படித்தான் ஆடுகிறார்கள். ஒரு பெயருக்குப் பின்னே ஒரு மனிதன் என்று மற்றவர் கொண்ட நம்பிக்கையை இவர்கள் முறித்தார்கள். அங்கேதான் பொய் பிறக்கிறது.

அதே 2007இல் அப்சொலூட் போக்கர் தளத்தில் 'பாட்ரிப்பர்' என்ற பெயர், எதிராளிகளின் கவிழ்த்த சீட்டுகளைக் கண்டவர்போல் ஆடியது. உண்மையில் கண்டுதான் ஆடியிருக்கிறார்கள். தோற்றவர் கேட்டதற்கு நிறுவனம் அனுப்பிய பதிவேட்டை ஆட்டக்காரர்களே அலசி வஞ்சகத்தை வெளிக்கொணர்ந்தார்கள். மறு ஆண்டு அல்டிமேட்பெட் தளத்தில் 'நியோநியோ' என்ற பெயரின் வெற்றிக் கணக்கு இயற்கைக்கு ஒவ்வாதது என்று கணக்கிட்டுக் காட்டியவர்களும் ஆட்டக்காரர்களே. ஆராய ஆராய, அந்த வஞ்சகம் பல பெயர்களுக்குள் மாறி மாறி ஒளிந்திருந்தது தெரியவந்தது.

இதனை எண்ணும்போது 2011இல் போடாக் என்னும் தளம் கொண்டுவந்த பெயரற்ற மேசைகள் நம்மை இருமனப்படுத்துகின்றன. பழகாத எளியவரைப் பதிவேடு வைத்து வேட்டையாடும் வல்லுநரிடமிருந்து காப்பதே நோக்கம் என்றார்கள். நல்ல நோக்கமே. ஆயினும் பெயரே இல்லாத இடத்தில் நியோநியோவை யார் பிடிப்பது? காவல் முழுவதும் தளத்தை நடத்துவோர் கைக்குப் போய்விடுகிறது. மேற்கண்ட வஞ்சகங்களோ அத்தகையோர் காவலின் கீழேயே நடந்தவை. எளியவருக்குக் கிடைத்த நிழலை நாம் குறை சொல்ல மாட்டோம். அந்த நிழலில் வேறு யாரெல்லாம் ஒதுங்குவார்கள் என்ற கேள்வி மட்டும் நம்மை விடுவதாயில்லை.

2011 ஜனவரியில், பஹாமாஸ் தீவுகளில் நடந்த ஒரு போட்டியின்போது இசில்டுர்1 மேடையேறினார். சுவீடன் நாட்டு இளைஞர் விக்டர் பிளோம் என்று அறிவித்தார்கள். அதன் பின்னரும், தம்மை அமர்த்திக்கொண்ட புதிய தளத்தில் அவர் ஆடியது இசில்டுர்1 என்ற பழைய பெயரிலேயே.