புண்ணியக் கணக்கில் ஒரு கப்பல்

காசு வாங்கிக்கொண்டு ஒருத்தன் உங்கள் உயிரைக் காப்பாற்றுகிறான். அவனுக்குப் புண்ணியம் உண்டா? 'கூலி வாங்கிட்டான்ல, அதோட சரி' என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். 'கோன்டே வெர்டே' என்ற இத்தாலியக் கப்பலின் கதை இருக்கிறது.

1923-ல் ஓடத் தொடங்கிய சொகுசுக் கப்பல். 1930-ல் முதல் உலகக் கோப்பைக் கால்பந்துக்கு ருமேனியா, பிரான்ஸ், பெல்ஜியம் அணிகளை உருகுவேக்கு ஏற்றிப் போனது இதுதான். கோப்பையும் இதில்தான் போனது! 1932-ல் ரூட் மாறியது. இத்தாலியிலிருந்து சூயஸ், பம்பாய், கொழும்பு வழியாக ஷாங்காய்.

1938. ஹிட்லரின் பிடியில் இருந்த யூதர்கள் தப்பி ஓட வேண்டும். எங்கே? போகிற இடமெல்லாம் விசா கேட்டார்கள். ஷாங்காயில் இறங்க அன்றைக்கு விசா தேவையில்லை. கப்பல் டிக்கெட் கிடைத்தால் போதும். டாக்காவ் முகாமில் அடைபட்டவர்கள் சிலர், அந்த டிக்கெட்டைக் காட்டித்தான் வெளியே வந்தார்கள்.

கப்பல் யாருடையது? முசோலினியின் தேசத்துடையது. அதே 1938-ல் யூதர்களுக்கு எதிராகச் சட்டம் போட்ட தேசம். இரக்கமாவது ஒன்றாவது... கல்லாதான் கணக்கு. போனால் திரும்பவே போகாத பலரிடம் ரிட்டர்ன் டிக்கெட்டுக்கும் சேர்த்துக் கறந்தார்கள். ஊரைவிட்டுப் போகும்போது 10 மார்க்குக்கு மேல் எடுத்துப்போக ஜெர்மனி விடவில்லை. கப்பலில் இருக்கும் வரை வெள்ளைத்துணி விரித்த மேஜையில் விருந்து. இறங்கிய பிறகு, ஷாங்காயின் ஹாங்கியூ பகுதியில் இலவசச் சாப்பாட்டுக்கு வரிசை.

நான் படித்தது பி.காம். லெட்ஜரில் 'கருணை' என்று ஒரு தலைப்பை எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை.

இன்னொரு கப்பலையும் பார்த்துவிடுவோம். 1939 மே, 'செயின்ட் லூயிஸ்'. 937 பயணிகள், பெரும்பாலும் யூதர்கள். கேப்டன் ஷ்ரோடர் ஜெர்மானியர்தான், ஆனால் தங்கமான மனுஷன். பயணிகளை மரியாதையாக நடத்தச் சொன்னவர். கியூபா ஒரு சிலரைத் தவிர யாரையும் இறங்க விடவில்லை, அமெரிக்காவும் கைவிரித்தது. கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. அவர்களில் 254 பேர் பின்னால் நாஜிகளின் கொலைவெறிக்குப் பலியானார்கள். கேப்டனை 1993-ல் இஸ்ரேல் கௌரவித்தது. நியாயம்தான். கோன்டே வெர்டேயில் டிக்கெட் கிழித்தவனை யார் கௌரவிப்பார்கள்?

ரிட்டர்ன் டிக்கெட் விஷயத்தில் எனக்கு ரத்தம் கொதிக்கத்தான் செய்கிறது. ஆனால் கம்பெனிக்காரன் கேட்பான்: 'செயின்ட் லூயிஸ் மாதிரி இறங்க விடாமல் திருப்பி அனுப்பினால், சோறு போட்டுக் கூட்டி வருகிற செலவு யாருடையது, சார்?'

1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்தது. அந்தக் கடல் வழி அடைபட்டது. அதற்குப் பிறகு, எவ்வளவு காசு கொடுத்தாலும் அந்த டிக்கெட் கிடைக்கவில்லை.